கொரிட்சியா எந்த நாட்டு ஊர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் இந்த ஊர் எங்கே இருக்கிறது?

இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ட்ரியெஸ்ட் துறைமுகத்துக்கு வடக்கே. வெனிஸிலிருந்து ரயிலில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். முப்பதாயிரத்துச் சொச்சம் பேர், ஒரு குன்று, குன்றின் மேல் ஒரு கோட்டை, பக்கத்தில் பச்சை நிறத்தில் ஓடும் ஓர் ஆறு. இத்தாலியர்கள் அந்த ஆற்றை இசொன்சோ என்கிறார்கள், ஸ்லோவேனியர்கள் சோச்சா என்கிறார்கள். ஊரின் கிழக்குத் தெருக்களில் சும்மா நடந்துகொண்டே போனீர்கள் என்றால் கடைப் பலகைகளில் மொழி மாறும், அவ்வளவுதான் அடையாளம். நீங்கள் ஸ்லோவேனியாவில் நோவா கொரிட்சா என்ற ஊருக்குள் வந்துவிட்டீர்கள்.

வரைபடத்தில் ஆளுக்கொரு பெயர் போட்டிருக்கிறார்களே?

எல்லாம் இதே ஊர்தான். இத்தாலியனில் கொரிட்சியா, ஸ்லோவேனியனில் கொரிட்சா, ஜெர்மனில் கோர்ஸ், உள்ளூர் ஃப்ரியுலி மொழியில் குரீசா. பழைய கடிதங்கள், ரயில் அட்டவணைகள், ராணுவ வரைபடங்கள் எதையாவது தேடுகிறவர்கள் நான்கு பெயரிலும் தேட வேண்டும், ஒன்றில் மட்டும் தேடினால் பாதி வரலாறு கிடைக்காது.

யார் யார் ஆண்டார்கள்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பழைய காலத்தைச் சுருக்கலாம். 1001ல் பேரரசர் மூன்றாம் ஓட்டோ எழுதிக்கொடுத்த தானப் பத்திரத்தில்தான் ஊரின் பெயர் முதலில் வருகிறது. அப்புறம் கொரிட்சியா பிரபுக்கள் என்ற ஒரு வம்சம், 1500ல் கடைசிப் பிரபு லியோன்ஹார்ட் வாரிசில்லாமல் செத்துப்போக, சொத்து ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்து மாக்ஸிமிலியனுக்குப் போனது. வெனிஸ்காரர்கள் 1508ல் பிடித்துப் பார்த்தார்கள், அடுத்த வருஷமே விட்டுவிட்டார்கள். நெப்போலியன் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் கொஞ்ச காலம் வந்துபோனார்கள். இவை போக 1918 வரை, ஏறத்தாழ நானூறு வருஷம், ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் ஆட்சிதான்.

இங்கே ஒரு வேடிக்கை. கோட்டை வாசலுக்கு மேலே வெனிஸின் சின்னமான இறக்கை வைத்த சிங்கம் நிற்கிறது. பார்க்கிறவர்கள் பல நூற்றாண்டு வெனிஸ் ஆட்சி என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் முதல் உலகப் போர் முடிந்து இத்தாலி ஊரைப் பிடித்த பிறகு, 1919ல் வைத்த சிங்கம் அது. நாங்கள் புதிதாக வரவில்லை, பழைய ஆட்கள்தான் என்று காட்டிக்கொள்ள ஒரு வருஷ ஆட்சிக்கு ஒரு கல் சிங்கம்! கோட்டையும் போரில் குண்டு விழுந்து இடிந்து, 1930களில் நடுக்காலக் கோட்டை இப்படித்தான் இருந்திருக்கும் என்று திரும்பக் கட்டியதுதான். ஆகவே கொரிட்சியாவில் எதையாவது பார்த்து இது ரொம்பப் பழசு என்று சொல்வதற்கு முன் யார் கட்டினார்கள், எப்போது என்று கேட்டுவிடுவது நல்லது.

பிரான்ஸ் நாட்டு ராஜாவின் கல்லறை இங்கே இருக்கிறதாமே?

இருக்கிறது, ஆனால் இத்தாலியில் இல்லை. 1830 புரட்சியில் அரியணையை இழந்த பத்தாம் சார்லஸ் ஊர் ஊராகச் சுற்றி, 1836 அக்டோபரில் இங்கே வந்து சேர்ந்தார். நல்ல காற்று, மிதமான குளிர் என்று நம்பி வந்த மனிதர் நவம்பர் 6ஆம் தேதி காலராவில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஊருக்கு மேலே கொஸ்தான்யெவிட்சா குன்றில் பிரான்சிஸ்கன் துறவிகளின் மடம் ஒன்று உண்டு, அங்கே புதைத்தார்கள். பிறகு அவர் மகன், மருமகள், பேரன் என்று பிரான்ஸை ஆண்ட போர்போன் குடும்பத்தின் மூத்த கிளையில் கடைசியாக இருந்தவர்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். அந்த மருமகள், முந்தைய 1789 புரட்சியில் தலை வெட்டப்பட்ட பதினாறாம் லூயிக்கும் மேரி ஆன்ட்வனெட்டுக்கும் பிறந்த மகள். முதல் உலகப் போரில் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வியன்னாவுக்குப் போனார்கள், 1932ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1947ல் எல்லைக்கோடு போட்டபோது மடம் யுகோஸ்லாவியப் பக்கம் விழுந்தது, ஸ்லோவேனியா அப்போது யுகோஸ்லாவியாவில் ஒரு பகுதி. பிரெஞ்சு ராஜா, ஆஸ்திரியாவில் செத்து, இத்தாலியில் கிடந்து, கம்யூனிஸ்ட் நாட்டுக்குப் போய், இப்போது ஸ்லோவேனியாவில் இருக்கிறார், வியன்னா போய்வந்ததைத் தவிர படுத்த இடம் என்னவோ ஒன்றுதான்.

முதல் உலகப் போரில் இங்கே அப்படி என்ன நடந்தது?

1915 மே மாதம் இத்தாலி ஆஸ்திரியாவுக்கு எதிராகப் போரில் இறங்கியது. அன்றிலிருந்து 1917 நவம்பர் வரை இந்த ஆற்றங்கரையில் பன்னிரண்டு பெரும் போர்கள், வரலாற்றில் இசொன்சோ போர்கள் என்றே எண் போட்டு எழுதுகிறார்கள். ஆறாவது போரில், 1916 ஆகஸ்டில், இத்தாலியப் படை ஊருக்குள் நுழைந்தது. நுழைந்த ஊர் பாதி இடிபாடு, மக்களில் பெரும்பாலோர் ஏற்கனவே அகதிகளாகக் கிளம்பிவிட்டிருந்தார்கள், ஆஸ்திரியாவின் உள்பகுதிகளில் மரக்கொட்டகை முகாம்களில் கிடந்தார்கள். அடுத்த வருஷம் 1917 அக்டோபர் கடைசியில் கபோரெட்டோவில் இத்தாலியின் முன்வரிசை நொறுங்கியதும் ஆஸ்திரியர்கள் திரும்ப வந்தார்கள். அதற்கும் அடுத்த வருஷம் 1918 நவம்பரில் ஆஸ்திரியப் பேரரசே இல்லாமல் போக, மறுபடி இத்தாலி.

ஆக 1916க்கும் 1918க்கும் நடுவில் மூன்று தடவை ஆட்சி கை மாறியது. 1920 நவம்பரில் ரப்பால்லோ ஒப்பந்தம் இதைக் காகிதத்தில் உறுதி செய்தது.

அப்போது ஊரில் இருந்தவர்கள் யார், இத்தாலியர்களா ஸ்லோவேனியர்களா?

இந்தக் கேள்வியைத்தான் ஒவ்வொரு ஆட்சியும் கேட்டது, ஒவ்வொரு ஆட்சியும் தனக்குப் பிடித்த பதிலை எழுதிக்கொண்டது. ஆஸ்திரியா காலத்து நிலவரம் இதுதான்: ஊருக்குள் இத்தாலியனும் ஃப்ரியுலியும் பேசுகிறவர்கள் அதிகம், அவர்களுக்கு அடுத்தபடி ஸ்லோவேனியர்கள் கணிசமாக, அதிகாரிகளும் ஓய்வுபெற்றவர்களுமாக ஜெர்மன் பேசுகிறவர்கள் கொஞ்சம், சிறிய யூத சமூகம் ஒன்று. ஆனால் ஊரை விட்டுக் கிழக்கேயும் வடக்கேயும் காலை வைத்தால் கிராமங்கள் ஸ்லோவேனியக் கிராமங்கள். அங்கிருந்து பாலும் காய்கறியும் பழமும் சந்தைக்கு வரும், ஊரிலிருந்து வக்கீல், வைத்தியர், பள்ளிக்கூடம், துணிக்கடை. வியாபாரம் பண்ணுகிற எவருக்கும் இரண்டு மூன்று மொழி வாயில் வந்துவிடும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பின்னால் 1947ல் வெட்டுப்பட்டது இந்த உறவுதான். கொடி மாறியதை எல்லாரும் எழுதுகிறார்கள். ஊரும் கிராமமும் பிரிந்ததுதான் என் கணக்கில் பெரிய விஷயம்.

இத்தாலி வந்த பிறகு ஸ்லோவேனியர்களுக்கு என்ன ஆயிற்று?

முசோலினி ஆட்சிக்கு வந்ததும் நெருக்க ஆரம்பித்தார்கள். 1923 கல்விச் சட்டத்துக்குப் பிறகு ஸ்லோவேனிய மொழிப் பள்ளிகள் ஒவ்வொன்றாக இத்தாலியனுக்கு மாற்றப்பட்டன. சங்கங்கள், பத்திரிகைகள் மூடப்பட்டன. ஊர்ப் பெயர்களை மாற்றியதோடு நிற்காமல் குடும்பப் பெயர்களையும் இத்தாலியனாக மாற்றினார்கள், அதாவது அப்பா ஒரு பெயரில் இருக்க, பிள்ளையின் சான்றிதழில் வேறு பெயர். பொது இடத்தில் ஸ்லோவேனிய மொழியில் பேசினால் அடி விழும் என்ற நிலைமை.

லோய்சே பிராத்துஷ் என்பவரின் கதை அங்கே எல்லாருக்கும் தெரியும். தேவாலயப் பாடற்குழுக்களை நடத்திய இசை ஆசிரியர். ஸ்லோவேனிய மொழியில் பாட வைத்தார் என்பதுதான் குற்றம். 1936 டிசம்பரில் பூசை முடிந்து வெளியே வந்தவரை ஃபாசிஸ்டுகள் பிடித்துப்போய் இயந்திர எண்ணெயைக் குடிக்க வைத்தார்கள். 1937 பிப்ரவரியில் மருத்துவமனையில் இறந்தார், வயது முப்பத்தைந்துக்கும் குறைவு.

1943 முதல் 1947 வரை குழப்பமாக இருக்கிறதே?

குழப்பம்தான், நான்கு வருஷத்தில் நான்கு கைகள். 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும் ஜெர்மானியர்கள் வந்தார்கள். பெயரளவில் முசோலினியின் மிச்ச அரசு இருந்தாலும் இந்தப் பகுதியைத் தனி மண்டலமாக்கி, நேரடியாக ஒரு நாஜி ஆளுநரின் கீழ் வைத்தார்கள். அந்த நவம்பரில் ஊரில் மிச்சமிருந்த யூதர்களைப் பிடித்து ரயிலேற்றினார்கள், ஒரு சிலர்தான் திரும்பினார்கள். யூதத் தொழுகைக்கூடம் இன்றும் இத்தாலியப் பக்கம் நிற்கிறது, யூதக் கல்லறைத்தோட்டம் எல்லைக்கு அந்தப் பக்கம் ரோஷ்னா டோலினாவில்.

1945 மே 1 அன்று கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோவின் யுகோஸ்லாவியப் படை வந்தது. நாற்பது நாள் சொச்சம் இருந்தார்கள். ஃபாசிசத்திடம் அடிவாங்கிய ஸ்லோவேனியர்களுக்கு அது விடுதலை. இத்தாலியர்களுக்கு, வீட்டிலிருந்து கூட்டிப்போன ஆள் திரும்பி வராத நாற்பது நாள். அப்படிக் காணாமல் போனவர்கள் நூற்றுக்கணக்கில். இவர்களுக்கு ஊர்ப் பூங்காவில் பெயர் பொறித்த நினைவுக்கல் இருக்கிறது, அந்தப் பட்டியலைப் பற்றி இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. இரண்டு நினைவும் உண்மை, ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்கப் பார்ப்பதுதான் தப்பு. ஜூன் 12ல் யுகோஸ்லாவியர்கள் விலக, பிரிட்டிஷ் அமெரிக்க ராணுவ நிர்வாகம் 1947 செப்டம்பர் வரை.

கடைசியில் கோடு போட்டது யார், எப்படி?

பாரிஸில் போட்டார்கள். 1946ல் நான்கு வல்லரசுகளின் எல்லைக் கமிஷன் வந்து சுற்றிப் பார்த்தது. அவர்கள் போகிற வழியெல்லாம் இரண்டு தரப்பும் கொடி, கோஷம், ஊர்வலம், சுவரெழுத்து. கடைசியில் நான்கு பேரும் நான்கு கோடு வரைந்து, நடுவில் இருந்த பிரெஞ்சுக்காரர்களின் கோட்டை ஒட்டி ஒப்புக்கொண்டார்கள். 1947 பிப்ரவரி 10ல் ஒப்பந்தம் கையெழுத்தானது, செப்டம்பர் 15 நள்ளிரவில் நடைமுறைக்கு வந்தது.

நம் ஊர்களில் அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது வீடு ஒருவனுக்கு, தோட்டமும் கிணறும் இன்னொருவனுக்கு என்று ஆகிவிட்டால் இரண்டு பேரும் நாசமாவார்களே, அதுதான் நடந்தது. பழைய ஊர் இத்தாலிக்கு. சோல்கான், ரோஷ்னா டோலினா, ஷெம்பெட்டர் போன்ற புறநகர்களும், ஊரைச் சாப்பிட வைத்த பள்ளத்தாக்குகளும் யுகோஸ்லாவியாவுக்கு. ரயில் நிலையங்கள் இரண்டு: 1906ல் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் வந்து திறந்துவைத்த மலைப்பாதை ரயிலின் நிலையம் யுகோஸ்லாவியாவுக்கு, தெற்கே உள்ள பழைய நிலையம் இத்தாலிக்கு. மலைப்பாதை நிலையத்தின் வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் சதுக்கத்தின் நடுவில் கோடு.

தரையில் வெள்ளைச் சுண்ணாம்பால் கோடு போட்டு, முளை அடித்து, கம்பி கட்டினார்கள். கோடு முற்றங்களுக்குள் போனது, தோட்டங்களுக்குள் போனது. தெற்கே மிரென் கிராமத்தில் கல்லறைத்தோட்டத்தின் குறுக்கே போனது, கம்பி கல்லறைகளுக்கு நடுவில். அம்மா கல்லறைக்குப் பூ வைக்க இன்னொரு நாட்டு அனுமதி வேண்டும் என்ற கேவலம் எழுபதுகள் வரை நீடித்தது, அப்புறம்தான் அந்த இடத்தில் கோட்டைத் திருத்தினார்கள்.

இன்னொன்று, சோல்கானிலிருந்து மேற்கே பர்தா மலைக் கிராமங்களுக்குப் போகிற வழி இத்தாலிக்குள் விழுந்துவிட்டது. மக்கள் நெடுந்தூரம் சுற்றிப் போனார்கள். 1975 ஓசிமோ ஒப்பந்தத்தில்தான் இதற்கு வழி பிறந்தது: இத்தாலிய மண்ணின் மேல் யுகோஸ்லாவியா ஒரு சாலை போட்டுக்கொள்ளலாம், இரண்டு பக்கமும் உயர்ந்த வேலி, நடுவில் வண்டியை நிறுத்தக் கூடாது. 1985ல் திறந்தார்கள். இன்றும் அந்தச் சாலையில் போகலாம்.

நோவா கொரிட்சா எதற்காகக் கட்டினார்கள்?

யுகோஸ்லாவியப் பக்கத்துக்கு கிராமம் கிடைத்தது, ஊர் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரி, உயர்நிலைப் பள்ளி, அரசு அலுவலகம், சந்தை எல்லாம் கம்பிக்கு அந்தப் பக்கம். சரி, நாமே ஒரு ஊர் கட்டுவோம் என்று இறங்கினார்கள். எட்வர்ட் ராவ்னிகார் என்ற ஸ்லோவேனியக் கட்டடக் கலைஞர் வரைந்தார், பாரிஸில் பேர்பெற்ற நவீனக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேவிடம் வேலை பார்த்தவர். அகலமான நேர்சாலை, மரங்கள், நடுவில் நடுவில் அடுக்குமாடி வீடுகள் என்று திட்டம். 1948 ஜூனில் அடிக்கல். இளைஞர் படைகள் நாடெங்கிலுமிருந்து வந்து மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக வேலை செய்தன.

வசதிக்காக மட்டும் கட்டவில்லை, எதிர்ப்பக்கம் பார்க்கட்டும் என்ற வீம்பும் இருந்தது. காசும் ஆளும் சீக்கிரம் தீர்ந்தது, அந்த வருஷமே டிட்டோவுக்கும் ஸ்டாலினுக்கும் முறிந்து நாடு நெருக்கடியில் மாட்டியது, வரைபடத்தில் இருந்த ஊரில் கொஞ்சம்தான் அப்போது எழுந்தது. ரொம்ப காலத்துக்கு வயலுக்கு நடுவில் சில பெரிய கட்டடங்கள், அவ்வளவே. இன்று போகிறவர்கள் அழகில்லை என்கிறார்கள். எனக்கு அந்த மர நிழல் பிடிக்கிறது, பழைய ஊரைவிடக் கோடையில் நடக்கத் தோதான ஊர்.

துடைப்ப ஞாயிறு என்று ஏதோ சொல்கிறார்களே?

1950 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை. பிரிந்த உறவினர்கள் எல்லையில் நின்று பார்த்துக்கொள்ள விட்டார்கள், கூட்டம் கூடியது. கம்பிக்கு இப்பாலும் அப்பாலும் நின்று கத்திப் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒரு கட்டத்தில் காவலர்களைத் தள்ளிக்கொண்டு இத்தாலிக்குள் நடந்துவிட்டார்கள், ஆயிரக்கணக்கில். சுட ஆரம்பித்திருந்தால் பெரும் சாவு, யாரும் சுடவில்லை. போனவர்கள் சொந்தக்காரர்களைப் பார்த்தார்கள், காபி குடித்தார்கள், ஞாயிற்றுக்கிழமை மூடியிருந்த கடைகளை முதலாளிகள் அவசரமாகத் திறக்க, கிடைத்ததை வாங்கினார்கள். யுகோஸ்லாவியப் பக்கம் அப்போது துடைப்பத்துக்கே பஞ்சம். சாயங்காலம் தோளில் துடைப்பத்தோடு வரிசையாக வீடு திரும்பினார்கள். பெரும்பாலோர் திரும்பினார்கள் என்பதைக் கவனியுங்கள். தப்பி ஓட வந்தவர்கள் இல்லை, வழக்கமாகப் போகும் கடைத்தெருவுக்குப் போனவர்கள்.

அப்படியானால் இதைக் குட்டி பெர்லின் என்று சொல்லலாமா?

சுற்றுலா விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும். எனக்கு ஒப்பவில்லை. பெர்லினில் சுவர் 1961ல் எழுந்தது, இங்கே அதற்கு முன்பே கதவு திறந்தாயிற்று. இத்தாலியும் யுகோஸ்லாவியாவும் செய்துகொண்ட 1955 ஊடினே உடன்பாட்டின்படி எல்லையோர மக்களுக்கு ஒரு அனுமதிச் சீட்டு, அதை வைத்துக்கொண்டு மாதத்துக்கு இத்தனை தடவை என்று போய்வரலாம். நிலம் ஒரு பக்கம், வீடு மறுபக்கம் என்றானவர்கள் மாட்டையும் ஏரையும் ஓட்டிக்கொண்டு போய் உழுதுவிட்டு வந்தார்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அந்தச் சதுக்கத்தில் இருந்தது பெயருக்கு ஒரு தாழ்ந்த வேலி.

அறுபதுகளிலிருந்து இது வியாபார எல்லை. யுகோஸ்லாவியர்கள் ஜீன்ஸ், காபி, சலவைத்தூள் வாங்க மேற்கே வந்தார்கள், இத்தாலியர்கள் பெட்ரோலும் இறைச்சியும் வாங்கக் கிழக்கே போனார்கள். எண்பதுகளில் நோவா கொரிட்சாவில் சூதாட்ட விடுதிகள் வந்ததும் இத்தாலியக் கார்கள் ராத்திரியெல்லாம் வரிசையில் நின்றன. ஆனால் எல்லாம் இனிமை என்றும் சொல்ல முடியாது. 1978ல் எதிரே உள்ள சபோட்டின் மலையில் வெள்ளைக் கற்களை அடுக்கி “எங்கள் டிட்டோ” என்று ராட்சத எழுத்தில் எழுதினார்கள், கொரிட்சியாக்காரன் ஜன்னலைத் திறந்தால் தெரிகிற மாதிரி. அதை அழிப்பதும் திருத்துவதும் திரும்ப அடுக்குவதும் இன்றுவரை ஒரு விளையாட்டு.

யுகோஸ்லாவியா உடைந்தபோது சண்டை இங்கே வந்ததா?

வந்தது, ஆனால் சீக்கிரம் முடிந்தது. 1991 ஜூன் 25ல் ஸ்லோவேனியா விடுதலை அறிவித்தது. எல்லைச் சாவடிகளைப் பிடிக்க யுகோஸ்லாவிய ராணுவம் டாங்கிகளை அனுப்பியது. ஜூன் 28ல் ரோஷ்னா டோலினா சாவடியில் மோதல், ராணுவ வீரர்கள் சிலர் செத்தார்கள், சாவடி ஸ்லோவேனியர்கள் கைக்கு வந்தது. இத்தாலியப் பக்கத்து வீடுகளிலிருந்து பார்க்கிற தூரம். பத்து நாளில் போர் ஓய்ந்தது.

ஊரை விட்டு நகராத ஒரு ஆள் எத்தனை நாட்டில் வாழ்ந்திருக்க முடியும்?

1900ல் சோல்கானில் பிறந்த ஒரு பாட்டியை வைத்துக் கணக்குப் போடுவோம், கற்பனைப் பாட்டிதான். பிறக்கும்போது ஆஸ்திரியா-ஹங்கேரி. பதினெட்டு வயதில் இத்தாலி. நாற்பத்து மூன்றில் ஜெர்மானியர்கள். நாற்பத்தைந்தில் நாற்பது நாள் யுகோஸ்லாவியா, உடனே ஆங்கில அமெரிக்க நிர்வாகம். நாற்பத்தேழில் சட்டப்படி யுகோஸ்லாவியா. தொண்ணூற்றொன்று வரை இருந்திருந்தால் ஸ்லோவேனியா. சுருக்குப்பையில் கிரவுன், லிரா, தினார், தோலார். 2007ல் ஸ்லோவேனியா யூரோவுக்கு மாறியதைப் பார்க்க நூற்றேழு வயது வேண்டும், அதைப் பேத்தி பார்த்திருப்பாள்.

இப்போது எல்லை இருக்கிறதா இல்லையா?

2004 மே 1ல் ஸ்லோவேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது, நிலையத்துக்கு முன்னால் இருந்த சதுக்கத்தில்தான் விழா, வேலியை எடுத்துவிட்டுத் தரையில் ஒரு வட்டப் பதிப்பு வைத்தார்கள். 2007 டிசம்பர் 21 முதல் ஷெங்கன், அதாவது உள் எல்லைகளில் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் வட்டம், சாவடிகளும் காலி. இரண்டு நகராட்சிகளும் ஷெம்பெட்டரும் சேர்ந்து 2011ல் ஒரு கூட்டு அமைப்பு தொடங்கின. 2025ல் இரண்டு ஊர்களும் சேர்ந்து ஐரோப்பியக் கலாசாரத் தலைநகர், எல்லை தாண்டி ஒன்றாக அந்தப் பட்டம் பெற்றது இதுவே முதல் தடவை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு எல்லையே போயே போச்சு என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் அதே சதுக்கத்தில் ஒரே நாளில் வேலி முளைத்தது, பல வாரம் காதலர்களும் தாத்தா பாட்டிகளும் கம்பிக்கு இரண்டு பக்கமும் நின்று பேசினார்கள். 2023 அக்டோபரில் இத்தாலி பாதுகாப்புக் காரணம் சொல்லி ஸ்லோவேனிய எல்லையில் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தது, அதை நீட்டித்துக்கொண்டும் இருந்தது. நடந்து போகிறவரைப் பெரும்பாலும் யாரும் நிறுத்துவதில்லை, ஆனால் நிறுத்தும் உரிமை இருக்கிறது.

நேரில் போனால் எதைப் பார்க்கலாம்?

ஒரு முழு நாள் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கோட்டை, அந்த 1919 சிங்கத்தோடு. கீழே இறங்கி நடந்தே எல்லை தாண்டி கொஸ்தான்யெவிட்சா மடம், ராஜா கல்லறை நிலவறையில். அங்கிருந்து ரயில் நிலையச் சதுக்கம், நிலையத்துக்குள் எல்லை வரலாற்றுக்கு ஒரு சின்ன அருங்காட்சியகம் உண்டு. சாயங்காலம் சோல்கான் பாலம்: ஆற்றின் மேல் 85 மீட்டர் அகலத்துக்கு ஒரே கல் வளைவு, உலகத்திலேயே பெரிய கல் வளைவு ரயில் பாலம், போரில் 1916ல் ஆஸ்திரியர்களே உடைத்துவிட்டுப் போக, பிறகு இத்தாலியர்கள் திரும்பக் கட்டியது. இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் ஷெங்கன் விசாவோடு பாஸ்போர்ட்டைப் பையிலேயே வைத்திருங்கள், அறையில் விட்டுவிட்டுக் காபி குடிக்க நாடு தாண்டிப் போகாதீர்கள்.